புலியைக் கட்டும் ஆடுகள்

புலி ஆட்டை வெட்டும். ஆடு புலியை வெட்டாது. புலி தாண்டும், ஆடு அடுத்த புள்ளிக்கு நகர மட்டுமே செய்யும். விதிகளைக் கேட்டாலே புலிப் பக்கம் உட்காரத்தான் தோன்றும். ஆனாலும் ஆடு புலி ஆட்டத்தில் ஆடுகள் ஜெயிக்கின்றன. நன்றாக ஆடத் தெரிந்தவர் கையில் கிடைத்தால் அடிக்கடி ஜெயிக்கின்றன. எப்படி?

வேப்பந்தட்டைப் பிள்ளைகளில் பலர் இப்போது செல்போனில் விண்வெளிப் போர் ஆடுகிறீர்கள். அதிலும் இதே கதைதான். ஒரு ராட்சத எதிரிக் கப்பல் வரும். தனியாகப் போனால் நொறுக்கித் தள்ளிவிடும். நான்கு நண்பர்கள் சேர்ந்து போனால் சில நேரம் விழும். சில நேரம் நான்கு பேர் போயும் தோற்றுத் திரும்புவீர்கள். "சேர்ந்துதானே போனோம், அப்புறம் ஏன் தோற்றோம்?" என்று ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டுக்கொள்வீர்கள். சேர்ந்து போனால் மட்டும் போதாது, எப்படிச் சேர்ந்து நிற்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதற்குக் கணக்கு உண்டு. அந்தக் கணக்கை ஆடு புலிக் கட்டத்தில் கையால் தொட்டே பார்க்கலாம். ஒரு சாக்பீஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

தரையில் உச்சிப் புள்ளி ஒன்று வையுங்கள். அதிலிருந்து விசிறி மாதிரி விரியும் நான்கு கோடுகளைக் கீழே இழுங்கள். நான்கையும் குறுக்கே வெட்டும்படி மூன்று படுக்கைக் கோடுகள் போடுங்கள். அவை இரண்டு பக்கமும் கொஞ்சம் வெளியே நீண்டிருக்கட்டும். நீண்ட நுனிகளை இடப்பக்கம் ஒரு நெடுக்குக் கோட்டாலும் வலப்பக்கம் ஒரு நெடுக்குக் கோட்டாலும் சேர்த்துவிடுங்கள். கடைசியாக, விரிந்த நான்கு கோடுகளும் முடிகிற அடியில் ஒரு சின்னப் படுக்கைக் கோடு. இப்போது கோடுகள் சந்திக்கும் இடங்களை எண்ணுங்கள். உச்சியில் 1, மூன்று வரிசைகளிலும் ஆறாறாக 18, அடியில் 4. மொத்தம் 23 புள்ளிகள். தமிழ்நாட்டின் பல பழைய கோயில்களில் மண்டபத்துக் கல்தரையிலேயே இந்தக் கட்டத்தைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை கோயிலுக்குப் போனால் தரையைப் பாருங்கள்.

புலிக்கு மூன்று கூழாங்கல், ஆட்டுக்குப் பதினைந்து புளியங்கொட்டை. ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். பதினைந்தும் இறங்கிய பிறகுதான் ஆடுகள் நகரலாம். புலி, தன் பக்கத்துப் புள்ளியில் ஆடு இருந்து, அந்த ஆட்டுக்கு நேர் பின்னால் உள்ள புள்ளி காலியாக இருந்தால், தாண்டிக் குதித்து ஆட்டை வெட்டிவிடும். நேர்கோட்டில் மட்டுமே தாண்டலாம். மூன்று புலிகளும் நகர முடியாமல் கட்டுப்பட்டால் ஆடுகளுக்கு வெற்றி. ஊருக்கு ஊர் சின்னச் சின்ன விதிகள் மாறும். உங்கள் வீட்டில் பாட்டி வேறு மாதிரி சொன்னால் அதன்படியே ஆடுங்கள். கணக்கின் அடிப்படை மாறாது.

இப்போது வெட்டும் விதியைத் திரும்ப ஒருமுறை படியுங்கள். புலி ஆட்டை வெட்டுவதற்கு ஆடு மட்டும் போதாது. ஆட்டுக்குப் பின்னால் ஒரு காலி இடம் வேண்டும். அந்தக் காலி இடத்தில் இன்னொரு ஆடு நின்றுவிட்டால் முன்னால் நிற்கும் ஆட்டைப் புலியால் ஒன்றும் செய்ய முடியாது. புலியோடு முகத்துக்கு முகம் நிற்கிற ஆட்டைக் காப்பாற்றுவது பின்னால் நிற்கிற ஆடுதான்.

ஒரு புலியைக் கட்ட எத்தனை ஆடு வேண்டும்? அது புலி நிற்கும் இடத்தைப் பொறுத்தது. புலி உச்சியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து கீழே நான்கு வழி. நான்கு வழியிலும் ஆடு வேண்டும். நான்குக்கும் பின்னால் ஆளுக்கொரு துணை வேண்டும். ஆக 8 ஆடுகள். கட்டத்தின் நட்டநடுவில் நின்றாலும் 8 தான். புலி இடது மேல் மூலைக்கு வந்துவிட்டால்? வலப்பக்கம் ஒரு வழி, கீழே ஒரு வழி. இரண்டு ஆடும் இரண்டு துணையும் சேர்த்து 4 போதும். இடது ஓரத்தின் நடுப்புள்ளி இன்னும் வேடிக்கையானது. அங்கிருந்து மூன்று வழி உண்டு. ஆனால் மேலேயும் கீழேயும் நிற்கும் ஆடுகளுக்குப் பின்னால் கட்டமே முடிந்துவிடுகிறது. புலி தாண்டிப் போக இடமே கிடையாது. அந்த இரண்டுக்கும் துணை வேண்டாம். வலப்பக்கத்து ஆட்டுக்கு மட்டும் ஒரு துணை. மூன்றும் ஒன்றும் 4.

உங்களிடம் இருப்பது 15 ஆடு, எதிரே 3 புலி. வகுத்துப் பாருங்கள்: ஒரு புலிக்கு 5 ஆடு. நடுவில் நிற்கும் புலிக்கு எட்டு வேண்டும், அது கட்டுப்படியாகாது. ஓரத்துப் புலிக்கு நான்கு போதும், அது கட்டுப்படியாகும். அதனால்தான் கைதேர்ந்தவர்கள் புலியைத் துரத்துவதே இல்லை. நடுவில் உள்ள புள்ளிகளை ஜோடி ஜோடியாக அடைத்துக்கொண்டே வருவார்கள். புலி தானாகவே ஓரத்துக்கு ஒதுங்கும்.

ஆடுகளுக்கு ஆபத்தே இல்லாத புள்ளிகளும் இருக்கின்றன. ஒரு புள்ளியில் வந்து சேரும் எல்லாக் கோடுகளும் அந்தப் புள்ளியிலேயே முடிந்துவிட்டால், அங்கே நிற்கும் ஆட்டைத் தாண்ட வழியே இல்லை. அப்படி 7 புள்ளிகள்: உச்சி, இடது ஓரத்தின் மேல் நுனியும் கீழ் நுனியும், வலது ஓரத்தின் மேல் நுனியும் கீழ் நுனியும், அடி வரிசையின் இரண்டு கோடிகள். முதல் ஆடுகளை அங்கே இறக்கினால் பயமில்லை. ஆனால் அவசரப்பட்டு எல்லா மூலையையும் ஆடுகளே பிடித்துக்கொண்டால், பிறகு புலியை எந்த மூலைக்குத் தள்ளுவது? பாதுகாப்பான இடம் எல்லாவற்றையும் நாமே வைத்துக்கொள்வதும் தோல்விக்கு வழி. எதை விட்டுக்கொடுப்பது, எதைப் பிடிப்பது என்று யோசிக்கிற அந்த நிமிடம்தான் இந்த ஆட்டத்திலேயே அருமையான நிமிடம் என்பேன்.

இன்னொரு நுட்பம் உண்டு. ஒரே ஆடு இரண்டு புலிகளுக்குக் காவல் நிற்க முடியும். இடது ஓரத்தின் மேல் நுனியில் ஒரு புலி, கீழ் நுனியில் ஒரு புலி. நடுப்புள்ளியில் ஒரே ஓர் ஆட்டை நிறுத்துங்கள். மேல் புலி தாண்டலாமென்றால் அங்கே கீழ்ப் புலி உட்கார்ந்திருக்கிறது. கீழ்ப் புலிக்கும் அதே கதி. புலியே புலிக்கு வழி மறிக்கிறது! மேல் வரிசையில் இரண்டு ஆடு, கீழ் வரிசையில் இரண்டு ஆடு, நடுவில் இந்த ஒன்று. எட்டு ஆடு செய்ய வேண்டிய வேலையை 5 ஆடு முடித்துவிட்டது. மூன்று புலிகளும் அந்த ஓரத்திலேயே வரிசையாக மாட்டினால் மொத்தம் 6 ஆடு போதும், போட்டுப் பாருங்கள். ஐந்தே ஆடுகளால் மூன்று புலியையும் கட்ட ஓர் இடம் இருக்கிறதா என்று தேடுவது உங்கள் வீட்டுப்பாடம்.

ஆட்டம் சின்னதாகத் தெரிந்தாலும் ஆழம் அதிகம். ஓர் ஆடும் வெட்டுப்படாத நிலையில், 3 புலியையும் 15 ஆட்டையும் 23 புள்ளிகளில் எத்தனை விதமாக வைக்கலாம்? புலிகளுக்கு 1,771 வழிகள். மீதி 20 புள்ளிகளில் ஆடுகளுக்கு 15,504 வழிகள். பெருக்கினால் 2,74,57,584. ஒரு நொடிக்கு ஒன்று என்று தூங்காமல் பார்த்தாலும் முடிக்க 10 மாதத்துக்கு மேல் ஆகும். நேபாளத்தில் இதன் உறவுக்கார ஆட்டம் ஒன்று இருக்கிறது, பாக் சால் என்று பெயர். அங்கே 25 புள்ளி, 4 புலி, 20 ஆடு. லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்ற இரண்டு கணினி அறிஞர்கள் அதைக் கணினியிடம் கொடுத்து முழுசாக அலசினார்கள். எல்லா ஆடுகளும் இறங்கிய பிறகு வரக்கூடிய நிலைகள் மட்டுமே சுமார் 8.8 கோடி. கடைசியில் கிடைத்த விடை: இரண்டு பக்கமும் ஒரு தவறும் செய்யாமல் ஆடினால் ஆட்டம் சமன். அதாவது புலிக்கு இருக்கும் பல்லும் பாய்ச்சலும், ஆடுகளுக்கு இருக்கும் ஒற்றுமையும் சரிக்குச் சரி. யார் முதலில் இடைவெளி விடுகிறார்களோ அவர்களுக்குத்தான் தோல்வி.

இப்போது விண்வெளிக்கு வருவோம். ஆடுகளுக்கு ஆயுதம் இல்லை. உங்கள் கப்பல்களுக்கு உண்டு. அங்கே கணக்கு வேறு. பிரெடரிக் லாஞ்செஸ்டர் என்று இங்கிலாந்தில் ஒரு பொறியாளர் இருந்தார். மோட்டார் கார் செய்தவர். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1916-ல் விமானப் போர் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் உள்ள விதி சுருக்கமானது: எல்லோரும் எல்லோரையும் சுட முடிகிற சண்டையில், ஒரு படையின் பலம் அதன் எண்ணிக்கையின் வர்க்கம். 3 கப்பலின் பலம் 9. 5 கப்பலின் பலம் 25. எண்ணிக்கை கூடினால் இரண்டு லாபம் ஒன்றாகக் கிடைக்கிறது. நீங்கள் சுடும் குண்டு கூடுகிறது, எதிரியின் குண்டு உங்களுக்குள் பிரிந்து ஆளுக்குக் கொஞ்சமாகிவிடுகிறது. அதனால்தான் வர்க்கம்.

எதிரியிடம் 3 கப்பல், உங்களிடம் 5, எல்லாம் ஒரே பலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தும் ஒன்றாகப் போனால், 25-ல் 9 போக 16. அதன் வர்க்கமூலம் 4. எதிரி மூன்றும் காலி, உங்கள் கப்பல் நான்கு பத்திரம். அதே ஐந்தை ஒவ்வொன்றாக அனுப்பினால்? எதிரியின் 9-ல் முதல் கப்பல் 1 குறைக்கும், அடுத்தது 1. ஐந்தும் போய் முடியும்போது எதிரியிடம் பலம் 4 மிச்சம், அதாவது 2 கப்பல். உங்களிடம் ஒன்றும் இல்லை. அதே ஐந்து, அதே மூன்று. ஒருமுறை நீங்கள் ஜெயித்தீர்கள், ஒருமுறை துடைத்தெறியப்பட்டீர்கள். நான்கு நண்பர்கள் போயும் தோற்றதற்குக் காரணம் இப்போது தெரிந்திருக்கும். நான்கு பேரும் போனீர்கள், ஆனால் ஒரே நேரத்தில் போகவில்லை.

இது காகிதக் கணக்கு மட்டும் இல்லை. தேனீக்களுக்கு இது தெரியும். நம் பக்கத்தில் பொந்துகளில் அடுக்கடுக்காக அடை கட்டுகிற அடுக்குத் தேனீ இருக்கிறதே, அதன் சொந்த இனம்தான் ஜப்பான் நாட்டுத் தேனீயும். அங்கே அதற்கு எதிரி ராட்சதக் குளவி. நம் ஊர்க் கதண்டுக்கு அண்ணன் முறை. ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து வளர்க்கப்படும் தேனீக்கள் அந்தக் குளவியை ஒவ்வொன்றாக எதிர்த்துப் பாயும். ஒவ்வொன்றாகச் சாகும். சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கில் செத்துக் கூடே அழிந்துவிடும். ஜப்பான் தேனீ அப்படிப் பாயாது. வேவு பார்க்க வந்த குளவியைக் கூட்டுக்குள் வரவிடும். உள்ளே வந்ததும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தேனீக்கள் ஒரே நேரத்தில் அதன் மேல் விழுந்து பந்தாக மூடிக்கொள்ளும். கொட்டுவதில்லை. இறக்கையை அசைக்காமல், பறப்பதற்கான தசையை மட்டும் துடிக்கவிட்டுச் சூடு கிளப்பும். மசாட்டோ ஓனோவும் அவருடைய குழுவினரும் 1995-ல் இதை அளந்து வெளியிட்டார்கள். பந்துக்குள் வெப்பம் 47 டிகிரி செல்சியஸ் வரை ஏறுகிறது. குளவி 44 முதல் 46 டிகிரிக்குள் செத்துவிடும். தேனீ 48 முதல் 50 வரை தாங்கும். சில டிகிரி வித்தியாசம்தான்! அதற்குள் எதிரியை முடித்துவிடுகின்றன. பந்துக்குள் கரியமில வாயு கூடுவதும் குளவியின் சாவை விரைவாக்குகிறது என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. பந்தில் ஓட்டை இருந்தால் சூடு வெளியேறிவிடும். இங்கேயும் இடைவெளி கூடாது.

கடைசியாக, வேப்பந்தட்டையிலேயே நடக்கிற சண்டை ஒன்று. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டத்தின் கரிசல் காடுகளில் பருத்தி விளைவதால்தான் நிலையமும் இங்கே. அந்தப் பருத்தியின் முரட்டு எதிரி இளஞ்சிவப்புக் காய்ப்புழு. சின்னப் பழுப்பு நிறத் தாய்ப்பூச்சி முட்டை வைத்துவிட்டுப் போகும். பொரிந்து வரும் புழு மொட்டுக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்து விதையைத் தின்னும். உள்ளே போன பிறகு அடிக்கிற மருந்து அதன் மேல் படுவதே இல்லை. கோட்டைக்குள் இருக்கும் எதிரி.

இது போன்ற காய்ப்புழுக்களை வெல்ல 2002-ல் பி.டி. பருத்தி இந்தியாவுக்கு வந்தது. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் செடியில் சேர்த்திருந்தார்கள். செடியைத் தின்றால் புழு சாகும். சில ஆண்டுகள் நன்றாக நடந்தது. 2010-ல் குஜராத்தில் இந்தப் புழு அதையும் தாங்கிப் பழகிவிட்டதாகச் செய்தி வந்தது. பின்னால் இரண்டு மரபணுக்கள் சேர்த்த பருத்தியையும் பல இடங்களில் தாங்கிக்கொண்டது. ஒற்றை ஆயுதத்தை நம்பினால் எதிரி பழகிக்கொள்வான். இப்போது விஞ்ஞானிகள் சொல்வது கூட்டு முறை. இனக்கவர்ச்சிப் பொறி வைத்தால், பெண் பூச்சியின் வாசனை என்று நம்பி ஆண் பூச்சிகள் வந்து மாட்டும். டிரைக்கோகிரம்மா என்று ஒரு குளவி. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அது காய்ப்புழுப் பூச்சியின் முட்டைக்குள்ளேயே தன் முட்டையை வைத்து, புழு பொரியும் முன்பே அழித்துவிடும். அந்தக் குளவி உள்ளே வளரும் முட்டைகளை அட்டையில் ஒட்டி வயலில் கட்டுகிறார்கள். கண்டபடி மருந்தடித்தால் இந்தத் துணைப்படை முதலில் சாகும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று, கடைசிப் பறிப்புக்குப் பிறகு நடப்பது. புழு அடுத்த பருவம் வரை தூங்கக் கூடியது. இரண்டு விதைகளை நூலால் ஒட்டி, நடுவில் படுத்துக்கொள்ளும். வயலில் விட்ட பருத்திமாரிலும், விறகுக்காக வீட்டோரம் அடுக்கிய மாரிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் வெடிக்காத காய்களில் அது பத்திரமாக இருக்கும். மழை வந்து புதுப் பருத்தி பூக்கும்போது பூச்சியாக வெளியே வரும். ஊரில் எல்லாரும் வயலைச் சுத்தம் செய்து ஒருவர் மட்டும் மாரை விட்டுவைத்தால், அந்த ஒரு வயலிலிருந்து ஊர் முழுக்கப் பரவும். ஆட்டுக்குப் பின்னால் விட்ட ஒரு காலிப் புள்ளி என்ன செய்யுமோ, அதைத்தான் அந்த ஒரு வயலும் செய்கிறது. கடைசிப் பறிப்பு முடிந்ததும் வயலில் நிஜமான ஆடு மாடுகளை மேயவிடச் சொல்கிறார்கள் பருத்தி விஞ்ஞானிகள். மிச்சக் காய்களைப் புழுவோடு சேர்த்துத் தின்று தீர்த்துவிடும்.

இதில் உங்களாலும் ஒரு வேலை ஆகும். பருத்தி பூக்கும் காலத்தில் வயலோரம் நடந்து பூக்களைப் பாருங்கள். நல்ல பூ அகல விரிந்திருக்கும். புழு புகுந்த பூவின் இதழ்கள் விரியாமல், ஒன்றோடொன்று பின்னிச் சின்ன ரோஜா மொட்டுப்போல் மூடியே இருக்கும். மருந்தடித்த வயலில் கை வைக்காதீர்கள், தள்ளி நின்று பார்த்தாலே தெரியும். அப்படி ஒரு பூ கண்ணில் பட்டால் அப்பாவிடமோ அம்மாவிடமோ அன்றைக்கே சொல்லுங்கள். பக்கத்து வயல்காரரிடமும் சொல்லச் சொல்லுங்கள்.